இடது பக்கமிருந்து ஒரு திரை

வேலைக்குக் கிளம்பித் தெருமுனை வரை போனவள் பாதியில் திரும்பி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. குளியலறைக் குழாய் மூடியிருந்தது. மகளின் சாப்பாட்டுப் பை மகளோடு பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் எதையோ விட்டுவிட்டோம் என்ற அரிப்பு மட்டும் அடங்கவில்லை.

வாசலில் உட்கார்ந்து ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்து பார்த்தான். பழுது பார்ப்பது அவன் தொழில்.

"என்ன, மறுபடியும் வந்துட்ட?"

"தெரியல. என்னமோ உறுத்துது."

"கண்ணுலயா?"

"மனசுல."

"அதுக்கு உங்க டாக்டர்கிட்ட சொட்டு மருந்து இல்லையாக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி நடந்தாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு சிறிய கண் மருத்துவமனையில். வருகிறவர்களை வரிசையில் உட்காரவைத்து, என்ன தொந்தரவு என்று கேட்டு எழுதி, கண்ணின் கருமணி விரிவதற்கான சொட்டு மருந்தை விடுவது அவள் பொறுப்பு. "அக்கா, எரியுது" என்று கத்துகிற குழந்தைகள் முதல் "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று முணுமுணுக்கிற பெரியவர்கள் வரை எல்லாருக்கும் அவள் சொட்டக்கா. சமீபத்தில் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிவிட்டுக் கணினி வைத்துவிட்டார்கள். நோயாளி சொல்லும் தொந்தரவை அதில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். டாக்டரம்மா நல்லவள்தான், அவசரப்படுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் 'அரிப்புக்கு என்ன டாக்டர்?', 'பீளைக்கு என்ன டாக்டர்?' என்று எழுந்து போய்க் கேட்பது இவளுக்கே கூச்சமாக இருந்தது. அப்படித்தான் கைப்பேசியில் அந்த ஆங்கிலப் பயிற்சிக் குழுவில் சேர்ந்தாள்.

குழுவின் பெயர் 'பேசு பேசு'. எல்லாரும் தமிழர்கள்தான், ஆங்கிலம் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறவர்கள். தினமும் ஆளுக்கொரு குரல்பதிவு போட வேண்டும். பார்த்தது, செய்தது, தின்றது எதுவானாலும் சரி. மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பாராட்டுவார்கள், தப்பிருந்தால் திருத்துவார்கள். தமிழ் பேசினால் வெளியே. சொந்தப் பெயர் கூடாது, பட்டப்பெயர்தான். யாரென்று தெரியாதபோது தப்பாகப் பேச வெட்கம் இருக்காது என்பது குழுவை நடத்துகிறவரின் யோசனை. அவருடைய பட்டப்பெயர் ஹெட்மாஸ்டர். கனத்த குரல். கண்ணாடியும் தொப்பையுமாக, ஓய்வுபெறும் வயதில் ஒருவரை அவள் மனதில் உட்காரவைத்திருந்தாள். இவள் பெயர் அங்கேயும் சொட்டுதான்.

குழுவில் கேலிக்குப் பஞ்சமில்லை. ரொட்டிக் கடையில் கேக்குக்குப் பூவேலை செய்யும் பெண் ஒருத்தி எதைச் சொன்னாலும் 'ஸாரி' என்றுதான் தொடங்குவாள். அதுவே பெயராகிவிட்டது. ஒருநாள் அவள், தன் நாத்தனார் புது வீடு கட்டுகிறாள் என்று சொல்லி, தன் வயிறு எரிகிறது என்று அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்துப் போட்டாள். ஹெட்மாஸ்டர் பதறிப்போய், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதீர்கள், மாத்திரை போடுங்கள் என்று அறிவுரை சொன்னார். "ஸாரி சார், திஸ் ஃபயர் நோ டேப்லெட்" என்றாள் அவள். அன்று முழுக்கச் சொட்டக்கா யார் கண்ணில் மருந்து விட்டாலும் தனக்குள் சிரித்துக்கொண்டே விட்டாள்.

எல்லாருக்கும் பிடித்தவர் உச்சி. கட்டடம் கட்டும் இடத்தில் கோபுர கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க மேகத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. வேலை தொடங்கும் முன்பும் சாப்பாட்டு நேரத்திலும் கூண்டின் ஜன்னலில் தெரிவதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்வார். மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற பெண், காயப்போட்ட துணியை இழுத்துப் போட்டு அதன்மேல் படுக்கிற நாய், நெரிசலில் நகராத வண்டிகள். அவருடைய ஆங்கிலம் பலகையும் ஆணியுமாகத் தட்டிப் பொருத்தியது போலிருக்கும். ஆனால் கேட்டால் படம் தெரியும்.

கொஞ்ச நாளாக அவர் ஜன்னலில் விசித்திரமாக ஏதேதோ தெரிந்தது. ஒருநாள், கூண்டுக்குள் நிறையக் குட்டிப் பூச்சிகள் பறக்கின்றன, அடித்தால் சாகமாட்டேன் என்கின்றன என்றார். சாப்பாட்டை மூடி வையுங்கள் என்றாள் ஸாரி. இவ்வளவு உயரத்துக்குக் காக்காயே யோசித்துத்தான் வரும், பூச்சி எப்படி வரும் என்று அவர் கேட்டார். விமானத்தில் வந்திருக்கும் என்று யாரோ எழுத, வரிசையாகச் சிரிப்புப் படங்கள். பிறகொரு நாள், வானத்தில் மேகமே இல்லை, மழையும் இல்லை, ஜன்னலோரத்தில் மட்டும் மின்னல் வெட்டுகிறது என்றார். கவிதை மாதிரி இருக்கிறது என்று ஹெட்மாஸ்டர் பாராட்டி, 'கவித்துவமான' என்பதற்கு ஆங்கிலச் சொல்லையும் அதன் எழுத்துக்கூட்டலையும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

இன்று காலைப் பதிவு ரொம்பச் சின்னது. "குட் மார்னிங் ஃப்ரெண்ட்ஸ். கர்ட்டன் கமிங் லெஃப்ட் சைட்." அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் உடனே திருத்தினார்: 'எ கர்ட்டன் இஸ் கமிங்.' சொட்டக்காவுக்கு அதில் இன்னொரு குறையும் தெரிந்தது. சேர்ந்ததிலிருந்து அவள் யாரையும் திருத்தியதில்லை. முதல் முறையாக, 'ஃப்ரம் தி லெஃப்ட் சைட்' என்று எழுதி அனுப்பினாள். ஹெட்மாஸ்டர் கைதட்டும் படம் போட்டார். உச்சியும் நன்றி சொன்னார். அந்தப் பெருமையோடுதான் வீட்டை விட்டுக் கிளம்பினாள். தெருமுனையில்தான் அந்த அரிப்பு பிடித்தது.

மருத்துவமனைக்கு வந்தும் அது விடவில்லை. ஒருவருக்கு வலது கண்ணுக்குப் பதில் இடது கண்ணைத் திறக்கப் போனாள். பஞ்சு டப்பாவைத் தட்டிவிட்டாள். "என்ன சொட்டக்கா, இன்னிக்கு நீங்களே ஒரு இடத்துல நிக்கமாட்டேங்கிறீங்க?" என்றாள் டாக்டரம்மா. "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று பஞ்சைப் பொறுக்கினாள்.

அப்போதுதான் தையல் கடை நடத்தும் ஓர் அம்மாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்ன செய்யுதும்மா?"

"கண்ணு முன்னாடி கொசு கொசுவா பறக்குது. அடிச்சா கைக்கு வரமாட்டேங்குது. அப்பப்ப ஓரத்துல பளிச்சு பளிச்சுன்னு மின்னல் மாதிரி. இன்னிக்கு எழுந்ததுலருந்து இந்தப் பக்கமா யாரோ திரையை இழுத்துவிட்டாப்ல ஒரே இருட்டு."

இத்தனை வருஷத்தில் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னவர்களைச் சொட்டக்கா வரிசையில் காத்திருக்கவிட்டதில்லை. எழுதக்கூட உட்காராமல் அந்த அம்மாளை நேராக உள்ளே கூட்டிப்போனாள். டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தாள். "விழித்திரை கழண்டு வருது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும்" என்று சீட்டு எழுத ஆரம்பித்தாள்.

வெளியே வந்து சொட்டக்கா கணினி முன் உட்கார்ந்தாள். தொந்தரவு என்ற கட்டத்தில் அடிக்க வேண்டும். இந்தத் தடவை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சொற்கள் தாமாகவே வந்தன. மெனி ஸ்மால் ஃப்ளைஸ். லைட்னிங், நோ ரெயின். எ கர்ட்டன் இஸ் கமிங் ஃப்ரம் தி லெஃப்ட்…

கை அப்படியே நின்றது.

எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். காலையில் தான் எழுதி அனுப்பிய வரி கண்முன் நின்றது. ஒரு மனிதன் என் கண் போகிறது என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுவிட்டு, அதில் ஒரு சொல் குறைகிறது என்று தான் திருத்தியிருக்கிறாள். தமிழில் கேட்டிருந்தால் பாதி வாக்கியத்திலேயே எழுந்து ஓடியிருப்பாள். ஆங்கிலம் என்றதும் தைத்துக் கொடுத்த சட்டையில் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரியே பார்த்திருக்கிறாள். சட்டைக்குள் ஆள் இருந்ததைக் கவனிக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"திரை எப்போலருந்து?"

"இன்னிக்குக் காலையிலதான் சொன்னாரு."

"அப்ப இன்னும் காப்பாத்தலாம். நடுப்பகுதி கழண்டுட்டா கஷ்டம். சீக்கிரம் வரச் சொல்லுங்க. என்ன வேலை பாக்குறார்?"

"டவர் கிரேன் ஓட்டுறாரு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இப்ப மேலயா இருக்கார்?"

சொட்டக்கா கைப்பேசியை எடுத்தாள். குழுவில் அவர் எண் இருந்தது. அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். சுமை தூக்கும்போது கைப்பேசியைத் தொடக்கூடாது என்று அவரே ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. குழுவைத் திறந்து, தமிழிலேயே பேசி அனுப்பினாள்: "உச்சி அண்ணா, அது ஜன்னல்ல இல்ல, உங்க கண்ணுல. உடனே இறங்கி வாங்க. இவரு எங்க வேலை பாக்குறாருன்னு யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

அடுத்த நிமிஷமே, நீங்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்று திரையில் வந்தது.

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டின. ஹெட்மாஸ்டரின் எண்ணை அழைத்தாள்.

"மேடம், ப்ளீஸ் ஸ்பீக் இன்…"

"யோவ், வாயை மூடிட்டுக் கேளுய்யா!"

முன்பின் தெரியாத ஆளை அவள் வாழ்க்கையில் அப்படிப் பேசியதில்லை. பூச்சியிலிருந்து திரை வரை வரிசையாகச் சொன்னாள். முடித்தபோது அந்தக் கனத்த குரல் இளைத்துப்போயிருந்தது.

"நான் கவிதைன்னு சொன்னேன்க்கா."

"நானும்தான் திருத்தினேன். அதை அப்புறம் பேசலாம். அவரு எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியும். நான் கூரியர் ஆபீஸ்ல இருக்கேன். போன மாசம் அவருக்கு ஒரு இலக்கணப் புத்தகம் அனுப்பினேன், கட்டடம் கட்டுற எடத்து விலாசம்தான் குடுத்தார். பேருதான் எழுதல, 'கிரேன் ஓட்டுறவர்'னு போடுங்க, போதும்னார். விலாசத்தை அனுப்புறேன், நான் இப்பவே கெளம்புறேன். நீங்களும் வந்துடுங்க."

டாக்டரம்மா போகச் சொல்லிவிட்டாள். வாடகைக் காரில் உட்கார்ந்த சொட்டக்காவால் முதுகைச் சாய்க்க முடியவில்லை. சிவப்பு விளக்கு விழுந்த இடங்களிலெல்லாம் ஓட்டுநரின் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் வீடுகளுக்கு மேலே கிரேனின் நீண்ட கை தெரிந்தது. அது மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் நுனியில் ஏதோ தொங்கியது.

கட்டடம் கட்டும் இடத்தின் வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே ஒருவன் ஓடிவந்தான். ஒல்லி. முப்பது வயதுகூட இருக்காது போலிருந்தது. தோளில் கூரியர் பை. அவன் வாயைத் திறந்து "சொட்டு?" என்றபோதுதான் அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்தா வருகிறது என்று தெரிந்தது. வியக்க நேரமில்லை.

மேற்பார்வையாளர் இடுப்பில் வாக்கிடாக்கியோடு சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். காவலாளி தடுக்கத் தடுக்க இருவரும் அவரிடம் போனார்கள்.

"யாரு நீங்க? கவசம் இல்லாம உள்ள வரக்கூடாது."

"கிரேன் ஓட்டுறவர்கிட்ட பேசணும் சார். அவசரம்" என்றாள் சொட்டக்கா.

"வீட்டுல ஏதாவதா?"

கண் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். மேலே இன்னும் சுமை தொங்குகிறது. இந்த ஆள் பதறிப்போய் வாக்கிடாக்கியில் கத்தினால், மேலே இருக்கிறவர் கை நடுங்கினால்? கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். ஒருவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"முதல்ல அந்தச் சுமையை இறக்கச் சொல்லுங்க சார். அப்புறம் சொல்றேன்."

அவள் குரலில் இருந்த எதுவோ அவரை வேலை செய்யவைத்தது. வாக்கிடாக்கியில் சொன்னார். இரும்புக் குழாய்க் கட்டு, அதற்கென்று காலியாக விட்டிருந்த தரையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கட்டு தரையைத் தொட்டது, சாய்ந்தது, நின்றது. ஆட்கள் கொக்கியைக் கழற்றினார்கள். அவள் கையை நீட்டினாள். மேற்பார்வையாளர் வாக்கிடாக்கியைக் கொடுத்தார்.

"அண்ணா, நான் சொட்டு பேசுறேன். அந்தத் திரை…"

கரகரப்பு. பிறகு அவள் தினமும் கேட்கும் அதே குரல்: "நோ தமிழ், மேடம். க்ரூப் ரூல்."

இந்த நேரத்திலும் விளையாட்டா என்று ஆத்திரம் வந்தது. பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர், கம்பி கட்டுகிறவர்களின் தலைவர், காவலாளி என்று பத்துப் பேர் இடுப்பில் இதே கருவி. எல்லாவற்றிலும் தன் குரல் எதிரொலித்தது. அவர் விளையாடவில்லை. இத்தனை பேர் காதில் விழுவதற்கு அவர் பயந்தார்.

சொட்டக்கா தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கி அள்ளினாள்.

"கர்ட்டன்… நவ் ஹவ் மச்?"

"மார்னிங் லிட்டில். நவ் ஹாஃப்."

"கர்ட்டன் நாட் இன் விண்டோ. கர்ட்டன் இன் ஐ."

கரகரப்பு நீண்டது.

"ஐ நோ, மேடம்."

அந்தச் சொற்கள் அவளை உலுக்கிவிட்டன. பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். உச்சிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"கம் டவுன். ஸ்லோ. நோ ஜம்ப். நோ ஷேக் ஹெட். டாக்டர் வெயிட்டிங். ஐ வெயிட்டிங்."

"லேடர் பிக். ஐ… ஐ ஆம் ஃபியர்."

ஹெட்மாஸ்டர் அவள் கையிலிருந்து கருவியை வாங்கினான். திருத்தப் போகிறான் என்று ஒரு கணம் நினைத்தாள்.

"உச்சி சார். ஹெட்மாஸ்டர் ஹியர். மீ ஆல்சோ ஃபியர். யூ கம்."

"என்னய்யா இது, ஆளாளுக்கு இங்கிலீஷ்ல குசுகுசுன்னு? யாராவது தமிழ்ல சொல்லித் தொலைங்களேன்" என்றார் மேற்பார்வையாளர்.

"அவரு இறங்கினதும் அவரே சொல்வாரு சார்" என்றாள் சொட்டக்கா.

கோபுரத்தின் இரும்புக் கூட்டுக்குள் ஏணி இருந்தது. ஓர் உருவம் அதில் எறும்பு போல ஊர்ந்து இறங்கியது. ஒவ்வொரு தட்டு வந்ததும் நின்றது. ஒருமுறை நின்ற இடத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டது. இடது கால் அடுத்த படியைத் தேடித் துழாவியதைக் கீழேயிருந்தே பார்க்க முடிந்தது. சொட்டக்கா அங்குமிங்கும் நடந்தாள். நடந்து நடந்து ஈரச் சிமென்டில் செருப்பு பதிந்ததை யாரோ சத்தம்போட்டுச் சொன்னபிறகுதான் கவனித்தாள்.

இறங்கி வந்தவர் நாற்பதைத் தாண்டியவர். நெற்றியெல்லாம் வேர்வை. அவளைப் பார்க்கத் தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பினார். அந்தத் திருப்பலிலேயே எவ்வளவு போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது வெடித்தது. "கீழ இத்தனை பேரு நிக்கிறாங்களேண்ணா! உங்களுக்கே தெரிஞ்சும் எப்படி மேல ஏறுனீங்க?"

அவர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "சார், எனக்கு இடது கண்ணு தெரியல. ஒரு வாரமா சரியில்ல. காலையில அந்தப் பலகைக் கட்டு ஒரு முழம் தள்ளி எறங்குச்சே, காத்துன்னு சொன்னேன். காத்து இல்ல சார்."

மேற்பார்வையாளரின் முகம் இறுகியது. காலையில் அந்தக் கட்டு இறங்கியபோது விலகிக் குதித்துத் தப்பிய ஆள் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "போய் முதல்ல கண்ணைப் பாரு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார் மேற்பார்வையாளர். அந்த 'மத்தது' என்னவென்று எல்லாருக்கும் புரிந்தது.

காரில் அவர் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். சொட்டக்கா, "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சம்சாரத்துக்குமா தெரியாது?"

"சொல்லலாம்னுதான் தினம் போவேன். வாயில வராது. இங்கிலீஷ்ல சொன்னா பாடம் ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு. யாருக்கோ நடக்குற மாதிரி. தமிழ்ல சொன்னா நெசமாயிடுமோன்னு பயந்துட்டேன்."

முன்னால் உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்றே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று பெரிய மருத்துவமனைக்குத் தானே பேசினாள். மாலையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவருடைய மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறவள். வேலை உடுப்போடு அப்படியே ஓடிவந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கதவு மூடியதும் சொட்டக்காவிடம் வந்தாள்.

"நீங்கதான் அந்தக் குரூப்பா?"

"ஆமாம்மா."

"உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது, அப்படித்தானே?"

"எங்களுக்கும் தெரியாதும்மா. காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல."

"பக்கத்துலயே படுத்துக்கிட்டிருந்த மனுஷன்க்கா. சாதம் போட்டா தட்டைத் திருப்பித் திருப்பி வச்சுச் சாப்பிடுவாரு. ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன், சும்மான்னாரு." அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், கதவருகே போய்க் காதை வைத்தாள், திரும்பி வந்தாள். "என்னதான் சொன்னாரு உங்ககிட்ட? எனக்குக் கேக்கணும். எல்லாத்தையும் கேக்கணும்."

சொட்டக்கா கைப்பேசியை எடுத்தாள். குழுவிலிருந்துதான் நீக்கிவிட்டார்களே. பக்கத்திலிருந்த ஹெட்மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு தன் கைப்பேசியை நீட்டினான். சொட்டக்கா பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். ஓடி முடிந்ததும் தமிழில் சொன்னாள். மாடியில் துணி காயப்போடுகிற பெண், துணிமேல் படுக்கிற நாய், நகராத வண்டிகள். ஒரு பதிவில் அவர், தூரத்தில் ஒரு தொழிற்சாலையின் நீலத் தகரக் கூரை தெரிகிறது, என் மனைவி அதற்குக் கீழே இருக்கிறாள், கொக்கியைப் போட்டுக் கூரையைத் தூக்கினால் அவளைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு 'தூக்கினால்' என்பதன் இலக்கணத்தைத்தான் குழு முழுவதும் அலசியிருந்தது.

மனைவி அதை மறுபடி ஓடவிடச் சொன்னாள். மறுபடியும் தமிழில் சொல்லச் சொன்னாள்.

"இப்படியெல்லாம் பேசுவாரா இந்த ஆளு? வீட்டுல, உப்பு இருக்கா, தண்ணி வந்துச்சா, இதுக்கு மேல வாய் தெறக்காதே" என்று சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். பூச்சிகள் வந்த பதிவிலிருந்து அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். திரைப் பதிவு முடிந்ததும், கீழே இருந்த திருத்தங்களையும் என்னவென்று கேட்டாள். சொட்டக்கா மறைக்காமல் சொன்னாள். ஹெட்மாஸ்டர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

"நீங்க வந்தீங்கல்ல" என்றாள் மனைவி. "வராம இருந்திருந்தா?" அதை முடிக்காமல் எழுந்து மறுபடி கதவருகே போனாள்.

கதவு திறந்தபோது மூவரும் ஒன்றாக ஓடினார்கள். விழித்திரையைத் திரும்ப ஒட்டியாகிவிட்டது, உள்ளே காற்று நிரப்பியிருக்கிறது, சில நாள் குப்புறப் படுத்தேயிருக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு பார்வை தேறும் என்று இப்போது சொல்ல முடியாது.

அவரைப் பார்க்க விட்டபோது முகத்தைத் தலையணை வளையத்துக்குள் புதைத்துப் படுத்திருந்தார். மனைவி சொட்டக்காவின் காதருகே குனிந்து, "எங்கிட்ட முதல்ல சொல்லுன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். சொட்டக்கா சொல்லிக்கொடுத்தாள். அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து, வளையத்தின் நடுவே தெரிந்த முகத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"டெல். மீ. ஃபர்ஸ்ட்."

அவர் முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. "தலையை ஆட்டக்கூடாது!" என்று செவிலி அதட்டினாள்.

கண் தப்பியது. முழுதாக இல்லை. இடது கண்ணில் வெளிச்சமும் உருவமும் தெரிந்தன, பொடி எழுத்து தெரியவில்லை. கிரேன் ஓட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் 'மத்ததை'ப் பேசிய அன்று நிறையத் திட்டினார் என்று கேள்வி. கடைசியில் பண்டகசாலையில் பொருள்களை வாங்கி வைக்கும் வேலை கொடுத்தார். கீழே ஒரே சத்தம், ஒரே தூசி, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்று அவர் குறைபட்டுக்கொண்டே அதைச் செய்தார். பலகைக் கட்டு மேலே விழாமல் தப்பிய ஆள் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாக வந்து தேநீர் கேட்டான்.

ஹெட்மாஸ்டர் சொட்டக்காவைத் திரும்பக் குழுவில் சேர்த்தான். தமிழ் கூடாது என்ற விதியை எடுக்கவில்லை. ஆனால் யாராவது தமிழில் பேசிவிட்டால், நீக்குவதற்கு முன்பு கூப்பிட்டு விசாரிக்கிறான். அவள் கணினியில் இப்போது யாரையும் கேட்காமல் அடிக்கிறாள். எழுத்துப்பிழைகள் இருக்கின்றன. டாக்டரம்மா பொருட்படுத்துவதில்லை.

ஆனால் அந்தப் பழைய நிம்மதி அவளுக்குத் திரும்பவில்லை. காலையில் குரல்பதிவுகளைக் கேட்கும்போது கையில் கரண்டியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறாள். போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது, கடிகாரம் மட்டும் பேசுகிறது என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு தப்பும் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"அடுப்புல தீயுது பாரு" என்றான் கணவன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் புது எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.